எழுத்தும் கிண்ணமும்: தரங்கம்பாடிப் புதிய எருசலேம் ஆலயம்

திருவுருவத்தைக் காட்டாது, அடைத்த கதவுக்கே பூசை நிகழும் மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயில் தேவதானப்பட்டியின் தனிச்சிறப்பு. வழிபாட்டிடம் என்றதும் உருவத்தைத் தேடும் கண்ணுக்கு அக்கதவு வியப்பளிக்கும். ஏறக்குறைய அதே வியப்பைத் தரங்கம்பாடி இராஜ வீதியிலுள்ள புதிய எருசலேம் ஆலயமும் தரவல்லது. அங்கே உருவத்தின் இடத்தைப் பிடித்தது எழுத்து.

இதன் வேர் டென்மார்க்கின் சிற்றூர்களில் இருக்கிறது. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் அந்நாட்டில் ஊர்தோறும் கற்கோயில்கள் எழுந்தன. கருங்கல்லைக் குடைந்த ஞானஸ்நானத் தொட்டி, சுவர்களில் வண்ண ஓவியங்கள், பீடத்தில் புனிதர் உருவங்கள் என அவை விளங்கின. 1536இல் டென்மார்க் லூதரின் நெறியை ஏற்றபோது அக்கோயில்களை இடித்துவிடவில்லை. உள்ளிருந்த பொருள்களே மாறின. தொட்டி நின்ற இடத்திலேயே நின்றது. பிரசங்க பீடம் உயர்ந்தது. அமர்ந்து கேட்க மர இருக்கைகள் வந்தன. ஓவியங்கள் பல காலப்போக்கில் சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைந்தன. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் சில ஊர்களில் பீடத்தின் பின்பலகையில் உருவமே இன்றி வேதவாக்கியங்களை மட்டும் பொன்னெழுத்தில் தீட்டி வைத்தனர். கேட்பதும் படிப்பதும் வழிபாடான பின் சொல்லே அணியாயிற்று.

இரகுநாத நாயக்கரோடு 1620இல் செய்த உடன்படிக்கையால் தரங்கம்பாடியில் கால் ஊன்றிய டேனியர், 1701இல் தமக்கெனச் சீயோன் ஆலயத்தைக் கட்டினர். அது வணிகர்க்கும் படையினர்க்கும் உரியது. மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய சீகன்பால்கும் புளூட்சோவும் 1706 ஜூலை 9இல் வந்திறங்கிய பிறகே தமிழர்க்கு ஓர் ஆலயம் என்ற எண்ணம் பிறந்தது. 1707இல் எழுந்த முதல் எருசலேம் ஆலயம் சிறிது. இரண்டாவது, 1718 அக்டோபர் 11இல் திறக்கப்பெற்றது. சிலுவை வடிவத் தரையமைப்பு. முகப்பில் முடியுடன் கூடிய மன்னரின் பெயர்க்குறி. ஆலயம் திறந்து ஐந்து திங்கள் முடியுமுன், 1719 பிப்ரவரி 23இல் சீகன்பால்கு மறைந்தார். பீடத்தருகே அவரை அடக்கம் செய்தனர்.

இவ்வாலயத்தின் அரிய உடைமை இக்கல்லும் மரமும் அல்ல. பள்ளிச் சிறுவரோடு மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றவர் சீகன்பால்கு. 1708இல் தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியலே வரைந்தார். தமிழ் அச்சு அவருக்கு முன்பே, 1578இல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்' வாயிலாகப் பிறந்துவிட்டது. ஆயினும் தொடர்ந்து இயங்கிய அச்சகம் என்ற பெருமை தரங்கம்பாடிக்கு உண்டு. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியவை, தாளோ அரிது. ஆதலின் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயத்தகட்டை உருக்கி வார்த்தனர் என்பர். 1714இல் நற்செய்தி நூல்கள் நான்கும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுமையும் அச்சேறின.

எழுத்து எல்லார்க்கும் பொதுவாயிற்று. இராப்போசனக் கிண்ணம் ஆகவில்லை. ஆலயத்துள் சாதிக்கேற்ப அமரும் இடம் வேறுபட்டது. தஞ்சை அரசின் படையில் பணியாற்றிய இராஜநாயக்கன், தரங்கம்பாடியில் அச்சான அந்நூலைப் படித்தே சபைக்கு வந்தவர்; பலரைச் சபைக்குக் கொணர்ந்தவர். 1733இல் வேளாளரான ஆரோன் முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றார். அடுத்த குருவைத் தேர்ந்தபோது இராஜநாயக்கனின் பெயர் எழுந்தது. அவர் பறையர் குலத்தவர். அவர் கையால் இராப்போசனம் வாங்க வேளாளக் கிறித்தவர் இசையார் என்பதே தடையாயிற்று. 1741இல் தியோகு குருவானார். இராஜநாயக்கன் உபதேசியாராகவே நின்றார். உருவங்களை அகற்றத் துணிந்த நெறி, இந்த ஒரு தடையின்முன் பணிந்தது வியப்பன்று, வருத்தம்.

கவிஞர் எக்காலமும் சமன்மையின் பக்கமே நின்றனர் என எண்ணுவோர்க்கு மற்றொன்றும் கசக்கும். சுவார்ட்சிடம் கற்று, சரபோஜியின் ஆதரவில் தமிழ் பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864), புதிய மிஷனரிமார் சபையில் சாதி வேறுபாட்டை ஒழிக்க முனைந்தபோது, 1829இல் அதை எதிர்த்து எழுதினார். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர் அவரே. 1833இல் ஆங்கிலிக்கப் பேராயர் வில்சன் தம் சபைகளில் சாதி வேறுபாட்டை முற்றாக விலக்க ஆணையிட்டார். 1840இல் வந்த லைப்சிக் லூதரன் மிஷன் அத்துணைக் கடுமை காட்டவில்லை. ஆணைக்கு உடன்படாத வேளாளக் குடும்பங்கள் சில, பழைய இருக்கையை நாடி அங்கே சென்றன.