வீட்டிலேயே எலெக்ட்ரிக் கிட்டார் ரெக்கார்டிங்: எந்த மைக் வாங்கலாம்? காஸ்ட்லி ப்ரீஆம்ப் அவசியமா?

நேரில் கேட்டால் அதிரடியாக இருக்கும் கிட்டார், ரெக்கார்ட் செய்து கேட்டால் மட்டும் தகர டப்பா மாதிரி கேட்கிறதா? உடனே விலை உயர்ந்த ப்ரீஆம்ப் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். காசைச் செலவழிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இதோ.

ப்ரீஆம்ப் என்ன செய்கிறது?

மைக்கில் இருந்து வரும் சிக்னல் ரொம்பவே பலவீனமானது. அதைப் பதிவு செய்யும் அளவுக்குப் பெரிதாக்குவதுதான் ப்ரீஆம்ப் வேலை. கம்ப்யூட்டரில் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்குள்ளேயே ப்ரீஆம்ப் இருக்கும்.

தள்ளி நின்று மெதுவாகப் பேசும் குரலைப் பதிவு செய்ய நிறைய கெயின் தேவை. கெயினைக் கூட்டினால் 'உஸ்ஸ்' என்ற இரைச்சலும் கூடும். ஆனால் கிட்டார் ஆம்ப் போடும் சத்தமே பெரிசு. மைக்கையும் அதற்கு ஒட்டியே வைக்கிறோம். குறைந்த கெயினே போதும் என்பதால், சாதாரண இன்டர்ஃபேஸே இந்த வேலையைச் செய்துவிடும்.

எந்த மைக்?

டைனமிக்: முதல் மைக் வாங்குபவர்களுக்கு இதுவே பெஸ்ட். அதிக சத்தத்தைத் தாங்கும். 1965-ல் அறிமுகமான ஷூர் எஸ்எம்57, இன்றும் ஸ்டுடியோக்களில் கிட்டார் ஆம்ப் முன்னால் நிற்கிறது.

கண்டென்சர்: நுணுக்கமான ஒலிகளையும் பிடிக்கும். அதனாலேயே ஃபேன் சத்தம், தெருவில் போகும் வண்டிச் சத்தம் எல்லாம் சேர்ந்து பதிவாகும். 48 வோல்ட் பான்டம் பவர் தேவை.

ரிப்பன்: காதைக் குத்தாத, மென்மையான ஒலி. ஆனால் பெரும்பாலானவற்றில் சிக்னல் குறைவு. ஆம்பை மெதுவாக வைத்து வாசித்தால் இதற்கு மட்டும் நல்ல ப்ரீஆம்ப் தேவைப்படலாம். கேபிளில் கோளாறு இருக்கும்போது பான்டம் பவரை ஆன் செய்தால் உள்ளே இருக்கும் மெல்லிய ரிப்பன் பழுதாகலாம், உஷார்!

காசு செலவில்லாத வழி

மைக்கை ஸ்பீக்கரின் நடுப்பகுதிக்கு நேராக வைத்தால் ஒலி கூர்மையாக இருக்கும். ஓரத்துக்கு நகர்த்தினால் கனமாகும். ரொம்ப ஒட்டி வைத்தால் பேஸ் கூடும். இரண்டு விரல் அகலம் நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். எனவே ஒவ்வொரு இடமாக வைத்து, சின்னச் சின்னதாகப் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். கெயினை வைக்கும்போது, பலமாக வாசித்தாலும் சிவப்பு விளக்கு எரியக் கூடாது. அப்படி உடைந்து பதிவான ஒலியைப் பிறகு சரிசெய்வது கஷ்டம்.

பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருவார்களா?

அப்படியானால் மைக்கே வேண்டாம். இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்ரூமென்ட்' என்று குறிப்பிட்டுள்ள இன்புட்டில் கிட்டாரை நேரடியாகச் செருகி, ஆம்ப் ஒலியை சாஃப்ட்வேரில் உருவாக்கி, ஹெட்போனில் கேட்டபடி வாசிக்கலாம்.

மொத்தத்தில், ஒரு டைனமிக் மைக், ஒரு இன்டர்ஃபேஸ், ஒரு ஸ்டாண்ட், கொஞ்சம் பொறுமை. தொடங்க இது போதும். தனி ப்ரீஆம்ப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.