ஒரு லட்சம் ரேடியோ ஆர்டரை வேண்டாம் என்று சொன்ன கம்பெனி

அமெரிக்காவில் பொருளை விற்றுவிட்டால் உலகம் முழுக்க விற்றுவிடலாம் என்பது பல நாட்டுத் தொழிலதிபர்களின் நம்பிக்கை. பணம் அங்கேதான் இருக்கிறது, வாங்கும் ஆட்களும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் வெளியிலிருந்து போகிறவனுக்கு அந்தச் சந்தை அவ்வளவு சுலபமாகக் கதவைத் திறந்துவிடாது. அதுவும் போரில் தோற்று, குண்டுகளால் சிதைந்து போன ஒரு நாட்டிலிருந்து போனால்? அப்படிப் போன ஒரு கம்பெனியின் கதை இது. இன்று அதன் பெயர் சோனி.

தொடக்கம்

இரண்டாம் உலகப்போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1946 மே மாதம் டோக்கியோவில் மசாரு இபுகா என்ற பொறியாளரும் அகியோ மொரிடா என்ற 25 வயது இளைஞரும் சேர்ந்து "டோக்கியோ சூஷின் கோக்யோ" என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். முதலீடு 1,90,000 யென். வேலை செய்தவர்கள் சுமார் 20 பேர். இடம், குண்டுவீச்சில் சேதமான ஒரு பழைய கடைக் கட்டிடம்.

மொரிடா நகோயா ஊர்க்காரர். அவருடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாக அரிசி மது காய்ச்சி விற்று வந்த குடும்பம். மூத்த மகன் என்பதால் அந்தத் தொழிலை அவர்தான் ஏற்று நடத்தியிருக்க வேண்டும். இயற்பியல் படித்த அவருக்கு அதில் மனம் போகவில்லை.

அரிசி வேகவைக்கும் மின்சாரப் பாத்திரம் ஒன்றைச் செய்து பார்த்தார்கள், சோறு சரியாக வேகவே இல்லை! பிறகு 1950ல் டேப் ரெக்கார்டர் செய்தார்கள். அது மெல்ல மெல்ல விற்றது.

25,000 டாலர்

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் தயாரிக்கும் உரிமையை வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனி 25,000 டாலருக்குக் கொடுத்தது. அன்றைய கணக்கில் ஒரு டாலருக்கு 360 யென், அதாவது 90 லட்சம் யென். இன்னொரு தடையும் இருந்தது. அந்தக் காலத்தில் ஜப்பானிலிருந்து டாலர் வெளியே போக வேண்டுமென்றால் அரசாங்கம் அனுமதிக்க வேண்டும். இந்தச் சின்னக் கம்பெனியால் டிரான்சிஸ்டர் செய்ய முடியுமா என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம். 1953ல் மொரிடா அமெரிக்கா போய் ஒப்பந்தம் போட்டுவிட்டார், அரசு அனுமதி அடுத்த ஆண்டுதான் கிடைத்தது.

அந்தப் பயணத்தில் அவர் ஐரோப்பாவுக்கும் போனார். ஜெர்மனியில் ஓர் உணவகத்தில் ஐஸ்கிரீம் வாங்கினாராம். அதன் மேல் காகிதத்தில் செய்த குட்டிக் குடை ஒன்று செருகியிருந்தது. இது உங்கள் நாட்டுப் பொருள்தான் என்று பரிமாறியவர் அன்போடு சொன்னார். ஜப்பான் என்றால் உலகத்துக்குத் தெரிந்தது இந்தக் காகிதக் குடைதானா என்று அவருக்கு வருத்தமாகப் போய்விட்டது. 1986ல் வெளிவந்த "மேட் இன் ஜப்பான்" என்ற தன் புத்தகத்தில் இதை அவரே சொல்கிறார். அன்று ஜப்பான் பொருள் என்றால் மலிவான பொருள், சீக்கிரம் உடைந்து போகும் பொருள் என்றுதான் அர்த்தம். அதனால் ஆரம்பத்தில் "ஜப்பானில் செய்யப்பட்டது" என்ற வரியை எவ்வளவு சின்னதாக அச்சிட முடியுமோ அவ்வளவு சின்னதாக அச்சிட்டார்கள். ஒருமுறை அது மிகவும் சின்னதாக இருக்கிறது என்று அமெரிக்கச் சுங்கத்துறையே திருப்பி அனுப்பிவிட்டது!

அந்த ஆர்டர்

1955ல் மொரிடா ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு நியூயார்க்கில் கடை கடையாக ஏறி இறங்கினார். பலரும் சொன்ன பதில் ஒன்றுதான்: எங்கள் வீடுகள் பெரியவை, இவ்வளவு சின்ன ரேடியோ யாருக்கு வேண்டும்? நியூயார்க்கில் மட்டும் எத்தனையோ வானொலி நிலையங்கள் இருக்கின்றன, வீட்டில் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்ததைத் தனித்தனியாகக் கேட்கலாமே என்று மொரிடா வாதாடினார்.

கடைசியில் புலோவா என்ற புகழ்பெற்ற அமெரிக்கக் கடிகாரக் கம்பெனிக்கு ரேடியோ பிடித்துவிட்டது. கேட்டது எவ்வளவு தெரியுமா? ஒரு லட்சம் ரேடியோ! அந்த ஆர்டரின் மதிப்பு மொரிடாவின் கம்பெனி மூலதனத்தைப் போலப் பல மடங்கு. ஆனால் ஒரே ஒரு நிபந்தனை. ரேடியோவின் மேல் சோனி என்ற பெயர் இருக்கக் கூடாது, புலோவா பெயர்தான் இருக்க வேண்டும்.

டோக்கியோவில் இருந்தவர்கள், பெயரை விட்டுத்தள்ளு, ஆர்டரை எடு என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். சம்பளம் கொடுக்க வேண்டும், கடனைக் கட்ட வேண்டும். மொரிடா சில நாட்கள் யோசித்துவிட்டு மறுத்துவிட்டார். எங்கள் பெயர் நிலைக்க 50 ஆண்டுகள் ஆயின, உங்கள் பெயரை இங்கே யாருக்குத் தெரியும் என்று எதிர்த்தரப்பு கேட்டது. 50 ஆண்டுகளுக்கு முன் உங்கள் பெயரும் யாருக்கும் தெரியாமல்தானே இருந்திருக்கும், நாங்கள் இன்று எங்கள் முதல் ஆண்டில் இருக்கிறோம் என்பது மொரிடாவின் பதில்.

இதை வெறும் வீம்பு என்று நினைத்துவிடக் கூடாது. அடுத்தவர் பெயரில் விற்றால் வாடிக்கையாளர் அந்தப் பெயரைத்தான் நினைவில் வைத்திருப்பார். நாளை வேறொருவன் மலிவாகச் செய்து கொடுத்தால் வாங்குகிறவர் அவனிடம் போய்விடுவார். செய்து கொடுத்தவனுக்குக் கடைசியில் எதுவும் மிஞ்சாது.

தலைகீழான விலைப்பட்டியல்

அதே காலத்தில் இன்னொரு வியாபாரி 5,000, 10,000, 30,000, 50,000, ஒரு லட்சம் என்று தனித்தனியாக விலை கேட்டார். அதிகம் வாங்கினால் விலை குறையும் என்பது ஊரறிந்த கணக்கு. மொரிடா கொடுத்த பட்டியலில் 10,000 ரேடியோவுக்குத்தான் விலை மிகக் குறைவு. அதற்கு மேல் போகப் போக விலை ஏறியது! ஒரு லட்சம் வாங்கினால் ஒரு ரேடியோவின் விலை 5,000 வாங்கும்போது இருப்பதைவிட அதிகம்!!

காரணம் இதுதான். அவ்வளவு ரேடியோ செய்யும் வசதி அவர்களிடம் அப்போது இல்லை. ஒரு லட்சம் செய்ய வேண்டுமென்றால் ஆலையைப் பெரிதாக்க வேண்டும், புதிதாக ஆட்களைச் சேர்த்துப் பயிற்சி தர வேண்டும். அடுத்த வருடம் அதே ஆர்டர் வராவிட்டால்? ஜப்பானில் வேலைக்குச் சேர்த்தவர்களை அப்படிச் சுலபமாக வெளியே அனுப்ப முடியாது. ஒரே ஒரு ஆர்டரை நம்பி மூழ்கிப் போக அவர் தயாராக இல்லை. வியாபாரி முதலில் வியந்தார், பிறகு சிரித்துக்கொண்டே 10,000 ரேடியோ வாங்கினார். இருவருக்கும் அதுதான் சரியான அளவு.

திருடர்கள் செய்த விளம்பரம்

1957ல் சட்டைப் பையில் வைக்கும் ரேடியோ என்று டிஆர்-63 வந்தது. உண்மையில் அது சாதாரணச் சட்டைப் பையைவிடக் கொஞ்சம் பெரியது. அதனால் விற்பனையாளர்களுக்குப் பை பெரிதாக வைத்த சட்டை தைத்துக் கொடுத்தார்களாம். 1958 ஜனவரியில் கம்பெனியின் பெயரே சோனி என்று மாறியது. ஒலியைக் குறிக்கும் "சோனஸ்" என்ற லத்தீன் சொல்லும், சின்னப் பையன் என்ற பொருளில் அமெரிக்கர்கள் சொல்லும் "சன்னி"யும் சேர்ந்து பிறந்த பெயர் அது.

அதே மாதம் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஒரு கிடங்கில் கொள்ளை நடந்தது. அங்கே வேறு ரேடியோக்களும் இருந்தன. திருடர்கள் தேடித் தேடி எடுத்துப் போனது 4,000 சோனி ரேடியோக்களை மட்டும்! செய்தி பத்திரிகைகளில் வந்தது. காசு கொடுத்தாலும் கிடைக்காத விளம்பரம்.

மற்றவர்கள் என்ன ஆனார்கள்?

அதே காலத்தில் அமெரிக்கா போன மற்ற ஜப்பானியர்களையும் பார்த்தால்தான் இது எவ்வளவு கடினம் என்று புரியும். 1957ல் டொயோட்டா அங்கே போனது. மோசமான சாலைகளில் மெதுவாக ஓடுவதற்காகச் செய்த கிரவுன் கார், அமெரிக்க நெடுஞ்சாலையின் வேகத்துக்குத் தாங்கவில்லை. 1958ல் விற்றது மொத்தம் 288 வண்டிகள். பிறகு அந்தக் காரை நிறுத்திவிட்டு, 1965ல் அமெரிக்கச் சாலைக்கு ஏற்ற கொரோனாவோடு வந்தபோதுதான் விற்பனை பிடித்தது. ஹோண்டா 1959ல் லாஸ் ஏஞ்சல்ஸில் கடை திறந்தது. நம்பிப் போன பெரிய பைக்குகளில் எண்ணெய் கசிந்தது, கிளட்ச் பழுதானது. ஊழியர்கள் சொந்த வேலைக்கு ஓட்டித் திரிந்த 50சிசி சூப்பர் கப் வண்டிதான் கடைசியில் கம்பெனியைக் காப்பாற்றியது.

அங்கேயே போய் வாழ்ந்தவர்

சோனி 1960 பிப்ரவரியில் அமெரிக்காவில் தன் சொந்தக் கம்பெனியைத் தொடங்கியது. இடையில் முகவர்களை வைத்து விற்றால் வாடிக்கையாளரின் மனம் தெரியாது என்பது மொரிடாவின் எண்ணம். 1961ல் அமெரிக்காவில் 20 லட்சம் பங்குகளை விற்றார்கள். ஜப்பானியக் கம்பெனி ஒன்று அங்கே பங்கு விற்றது அதுதான் முதல்முறை. 1962ல் ஐந்தாவது அவென்யூவில் ஜப்பான் கொடியோடு காட்சியகம் திறந்தார்கள். 1963ல் மொரிடா மனைவி குழந்தைகளோடு நியூயார்க்குக்கே குடிபோனார். மொழி தெரியாத குழந்தைகள் அமெரிக்கப் பள்ளியில் சேர்ந்தார்கள். 1972ல் சான்டியேகோவில் சோனியின் தொலைக்காட்சி ஆலை ஓடத் தொடங்கியது.

எல்லாமே வெற்றி என்று சொல்ல முடியாது. 1989ல் சுமார் 340 கோடி டாலருக்கு கொலம்பியா பிக்சர்ஸ் படக் கம்பெனியை வாங்கினார்கள். ஐந்தே ஆண்டுகளில், 1994ல், அதில் சுமார் 270 கோடி டாலரை நஷ்டமாக எழுத வேண்டியதாயிற்று. ரேடியோவுக்கு நிதானமாகக் கணக்குப் போட்ட அதே கம்பெனிதான் இதையும் செய்தது.

மொரிடா 1999ல் இறந்தார். ஒரு லட்சம் ரேடியோ கேட்ட புலோவாவை 2008ல் சிட்டிசன் வாங்கியது. அதுவும் ஒரு ஜப்பானியக் கம்பெனிதான். புலோவா என்ற பெயரை மட்டும் சிட்டிசன் மாற்றவில்லை. நிலைத்துவிட்ட ஒரு பெயரின் மதிப்பு வாங்கியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 1955ல் மொரிடா வாதாடியதும் அதற்காகத்தான்.