உதகையின் வரலாறு: நூலகமும் பழம் படங்களும் நம் வீட்டுப் பெட்டியும்



யூபிலி மலருக்கு நம் ஊரின் பழைய வரலாற்றைப் பற்றி ஒரு கட்டுரை தரவேண்டுமென்று மலர்க்குழுவினர் அன்புடன் கேட்டுக்கொண்டனர். வரலாறு என்றதும் எல்லாரையும் போல நானும் நூலகத்தைத்தான் நாடினேன். அங்கே கண்டது நிறைய. காணாததும் ஒன்று உண்டு. அவ்விரண்டையும் உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

எழுதி வைத்ததால் தெரிந்தது

உதகையின் வரலாற்றைத் தேடுவோர் முதலில் செல்லும் இடம் நீலகிரி நூலகம். 1859-இல் தொடங்கப்பெற்ற உறுப்பினர் நூலகம் அது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தை வடிவமைத்த ராபர்ட் சிஸம் என்பவரே இக்கட்டடத்தையும் வடிவமைத்தார். நம் மலையைப் பற்றி அறிய விரும்புவோருக்கு இரண்டு நூல்கள் இன்றியமையாதவை. ஒன்று, சர் பிரெடரிக் பிரைஸ் 1908-இல் வெளியிட்ட உதகை வரலாறு. மற்றொன்று, தோடர்களைப் பற்றி டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்ட ஆய்வு நூல்.

ரிவர்ஸின் நூலில் பிற்சேர்க்கையாக வரும் ஒரு பகுதி கத்தோலிக்கராகிய நமக்கு வியப்பளிக்கும். ஜாக்கோமோ பெனீசியோ என்னும் இத்தாலிய நாட்டுச் சேசு சபைக் குரு 1603-இல் கள்ளிக்கோட்டைப் பக்கமிருந்து புறப்பட்டு, காட்டு வழியாக இம்மலைக்கு ஏறி வந்தார். புனித தோமையார் வழிவந்த கிறிஸ்தவர்களில் சிலர் மலைமேல் மறந்துபோன நிலையில் வாழ்கிறார்கள் என்றொரு பேச்சு அந்நாளில் மலபாரில் இருந்தது. அவர்களைக் கண்டுவரும் பொருட்டே அவர் அனுப்பப்பட்டார். அவர் கண்டதோ தோடர்களையும் படகர்களையும்தான். தேடி வந்தவர்கள் இங்கே இல்லை என்பதை ஒளிக்காமல் எழுதினார். தோடர்களின் எருமைகளையும் வாழ்க்கை முறையையும் கண்டபடி எழுதினார். போர்த்துக்கீசிய மொழியிலிருந்த அந்தக் கையெழுத்துப் பிரதி இலண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்து, அங்கே காக்கப்பட்டு வந்தது. முந்நூறு ஆண்டுகள் கழித்து ரிவர்ஸ் அதன் மொழிபெயர்ப்பைத் தம் நூலில் சேர்த்தார்.

கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறியதையே நம்மில் பலர் உதகை வரலாற்றின் தொடக்கமாக எண்ணி வந்திருக்கிறோம். தோடரும் கோத்தரும் படகரும் குறும்பரும் இருளரும் அதற்கு வெகு காலம் முன்பே இம்மலையின் மக்கள். வெளியிலிருந்து வந்து எழுதி வைத்தவர் என்று பார்த்தாலும், சல்லிவனுக்கு 216 ஆண்டுகள் முந்தியவர் பெனீசியோ. இது நமக்கு எப்படித் தெரிகிறது? ஒருவர் எழுதி வைத்தார். ஒரு நூலகம் காத்து வைத்தது. அவ்வளவுதான்.

பழைய படத்தைப் படிக்கும் முறை

ஏடுகளுக்கு அடுத்தபடியாக நமக்கு உதவுபவை புகைப்படங்கள். ஏ. டி. டபிள்யூ. பென் என்பவர் பல பத்தாண்டுகள் உதகையில் புகைப்படத் தொழில் நடத்தினார். புகழ்பெற்ற சாமுவேல் போர்ன் என்பவரும் இம்மலைக்கு வந்து படமெடுத்தார். ஆண்டு குறிக்கப்படாத படம் ஒன்று கைக்கு வந்தாலும், கூர்ந்து பார்த்தால் அதன் காலத்தை ஓரளவு கணிக்கலாம்.

முதலில் ஏரியைப் பாருங்கள். 1820-களில் சல்லிவன் உண்டாக்கிய ஏரி இன்றுள்ளதைவிட மிகப் பெரியது. இன்று பேருந்து நிலையம் இருக்கும் இடமும், குதிரைப் பந்தயம் நடந்துவந்த திடலும் அன்று தண்ணீர். படத்தில் அங்கே நீர் தெரிந்தால் அது மிகப் பழைய படம்.

அடுத்து மலைச்சரிவுகளைப் பாருங்கள். நாம் சிறு வயது முதல் பார்த்துவரும் கற்பூர மரங்கள் இம்மண்ணுக்கு உரியவை அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை. மிகப் பழைய படங்களில் குன்றுகள் வெறும் புல்வெளியாகவும், மடிப்புகளில் மட்டும் சோலைக் காடாகவும் இருக்கும்.

மூன்றாவது, இரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை இரயில் 1899-இல் குன்னூரை அடைந்தது. உதகைக்கு வந்தது 1908-இல். படத்தில் உதகை இரயில் நிலையம் இருந்தால், அது அதற்குப் பிற்பட்டதே.

காணாதது

இனி நான் காணாததைச் சொல்கிறேன். பழைய படங்களில் கவர்னர் பெயர் உண்டு. துரைமார் பெயர் உண்டு. பங்களாவின் பெயர் உண்டு. சில படங்களில் நாயின் பெயர்கூட இருக்கலாம். பல்லக்குச் சுமந்தவர், கல் உடைத்தவர், தோட்டம் கொத்தியவர், ஆயாவாக வேலை செய்த அம்மாள் ஆகியோரின் முகங்களும் அப்படங்களில் உண்டு. ஆனால் அவர்கள் பெயர் இல்லை. தோடர்களின் படத்துக்கும் பெரும்பாலும் குலப்பெயர் மட்டுமே; ஆளின் பெயர் கிடையாது. நம்மில் பலருடைய பாட்டனார் அந்தப் பெயரற்ற கூட்டத்தில்தான் நிற்கிறார்கள்.

அவர்களுக்குப் பெயர் இருக்கும் இடம் ஒன்று உண்டு. அதுவே பங்குப் பதிவேடு. திருமுழுக்கு, திருமணம் ஆகியவற்றைப் பங்குக் குருக்கள் பதிந்து வைக்கவேண்டுமென்று 1563-இல் திரிதெந்தின் சங்கம் ஒழுங்கு செய்தது. கவர்னராயினும் கூலித் தொழிலாளியாயினும் அந்த ஏட்டில் ஒரே அளவு வரிதான். தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், நாள் எல்லாம் அதில் உண்டு. ஏழைக்கு அது ஒன்றே வரலாற்று நூல்.

பெயர் ஏட்டில் இருக்கிறது. முகம் படத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்க்க நம்மால்தான் முடியும்.

என் தாயார் மறைந்தபின் அவர்களுடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். அதில் முதல் நற்கருணை எடுத்த சிறுமியர் படம் ஒன்று இருந்தது. வெள்ளை முக்காடிட்ட பதினொரு பேர். அவர்களில் என் தாயாரை மட்டுமே எனக்குத் தெரிந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்புறம் வெறுமையாக இருந்தது. தாயார் இருந்தவரை அந்தப் படத்தை எத்தனையோ முறை காட்டினார்கள், பெயர்களும் சொன்னார்கள். நான் குறித்துக்கொள்ளவில்லை. கேட்பதற்கு இன்று ஒருவரும் இல்லை.

நாம் செய்யக்கூடியது

ஆகவே யூபிலி ஆண்டில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு சிறு காரியம் செய்யுமாறு வேண்டுகிறேன். வீட்டிலுள்ள பழைய படங்களை எடுத்துப் பெரியவர்களிடம் காட்டுங்கள். யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேளுங்கள். பின்புறம் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். மைப்பேனா வேண்டாம், மறுபக்கம் ஊறிவிடும். பசையோ ஒட்டு நாடாவோ போடாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமலிருக்கக் காய்ந்த இடத்தில் வையுங்கள். இக்காலத்தில் கைபேசியாலேயே படத்தின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு பிரதியைப் பங்கிற்குத் தரலாம்.

பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்யவேண்டும். அடுத்த யூபிலிக்கு மலர் எழுத முன்வருபவர் நம் பெட்டிகளைத் திறப்பார். படத்தைத் திருப்பிப் பார்க்கும்போது அவருக்குப் பெயர்கள் கிடைக்கட்டும்.