கொக்கு அல்ல, சேவல்

பிரெஞ்சில் 'கொக்' என்றால் சேவல். நம்மூர்க் கொக்கு இல்லை. 1984இல் பிரான்சின் இன்ரியா ஆய்வு நிலையத்தில் ழெரார் உவேயும் தியெரி கொக்கானும் தொடங்கிய மென்பொருளுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். கொக்கானின் பெயரும் அதற்குள் இருப்பதைக் கவனியுங்கள். ஒரு புரோகிராம் சரியானது என்று நாம் எழுதும் நிரூபணத்தை அது படிப்படியாகச் சரிபார்க்கும். ஒரு படி விட்டுப்போனாலும் ஏற்காது. நான் பார்த்த தணிக்கைக்காரர்கள்கூட இவ்வளவு கறார் இல்லை.

இப்படி ஒரு கருவியின் அருமை 2016 ஜூனில் தெரிந்தது. எத்தேரியம் வலையில் 'தி டாவோ' என்றொரு பொது நிதி. வரவு செலவு முழுவதையும் புரோகிராமே பார்த்தது. அது முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, இருப்பைப் பிறகு குறைத்தது. அந்த இடைவெளியில் யாரோ திரும்பத் திரும்பக் கேட்டு, சுமார் 36 லட்சம் ஈதர் காசுகளை எடுத்துவிட்டார். பதிவேட்டில் ஏற்றாமல் பணம் கொடுக்க எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பையன்கூடத் துணியமாட்டான்! ஓடுகிற புரோகிராமைத் திருத்தவும் வழியில்லை. ஜூலையில் எத்தேரியத்தையே இரண்டாகப் பிரித்துத்தான் பணத்தை மீட்டார்கள்.

'கொடுப்பது இருப்பை மிஞ்சாது' என்று எழுதிச் சேவலிடம் காட்டியிருந்தால், அந்த வரிசையில் நிரூபணம் முடிந்திருக்காது. ஆனால் அந்த வாக்கியத்தை எழுத ஒரு மனிதர் வேண்டும். கேட்காததை அது பார்க்காது.

2025இல் சேவலின் பெயர் 'ரொக்' ஆகிவிட்டது. ஆங்கிலக் காதுக்குப் பழைய பெயர் கூச்சமாம்.