சிபில் கார்த்திகேசு
சிபில் கார்த்திகேசு (1899–1948) என்பவர் மலாயாவின் பேராக் மாநிலத்தில் ஜப்பானிய ஆட்சியை எதிர்த்ததற்காகப் போற்றப்படும் தாதியும் மருத்துவச்சியும் ஆவார். சுமத்ராவின் மேடானில் யூரேசியக் குடும்பத்தில் பிறந்தார். தமிழ் மருத்துவர் கார்த்திகேசுவை 1919இல் மணந்து, அவருடன் ஈப்போவில் மருத்துவகம் நடத்தினார். ஜப்பானியப் படையெடுப்புக்குப்பின் பாப்பான் சிற்றூருக்குப் பெயர்ந்து, எதிர்ப்புப் படையினருக்கு இரகசியமாகச் சிகிச்சை அளித்தார். தடைசெய்யப்பட்ட வானொலிச் செய்திகளையும் கேட்டுவந்தார்.

1943இல் கைதாகி, ஜப்பானிய இராணுவக் காவல் படையான கெம்பித்தாயின் கொடுஞ்சித்திரவதைக்கு ஆளானபோதும் போராளிகளைக் காட்டிக்கொடுக்கவில்லை. 1945இல் விடுதலையாகி, சிகிச்சைக்காகப் பிரிட்டன் அனுப்பப்பட்டார். துணிவுக்கான ஜார்ஜ் பதக்கம் பெற்ற இவர், 1948 ஜூன் 12 அன்று அங்கேயே காலமானார். பின்னர் ஈப்போவில் அடக்கம் செய்யப்பட்டார். இவரது நினைவுக்குறிப்பு நூல் 1954இல் வெளிவந்தது. இனம் பாராத மருத்துவத் தொண்டும், பிறர் உயிர்காக்கத் தன்னுயிரைப் பணயம் வைத்த உறுதியும் இவரது பெருமைக்கு அடிப்படை. ஈப்போவில் ஒரு சாலை இவர் பெயரைத் தாங்குகிறது.