தாயின் கையும் வைத்தியரின் தீர்ப்பும்

1943-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் லியோ கானர் என்னும் வைத்தியர், தூக்க வருபவரை நோக்கிக் கை நீட்டாமலும், தூக்கினாலும் உடலோடு ஒட்டாமலும் இருந்த 11 குழந்தைகளைப் பற்றி எழுதி, ஆட்டிசம் என்னும் நிலையை உலகறியச் செய்தபோது, அவர்களுடைய பெற்றோரிடம் வாஞ்சை குறைவென்றும் ஒரு வார்த்தை குறித்து வைத்தார். அந்த வார்த்தை பெரும்பழியாக வளர்ந்தது. 1967-இல் சிகாகோவைச் சேர்ந்த புரூனோ பெட்டல்ஹைம் வெளியிட்ட நூல் பெற்றவளின் அன்பின்மையையே பிரதான காரணமாகச் சாதித்தது. குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து விடுதியில் வைப்பதே அவர் கண்ட பரிகாரம். தாமே அத்தகைய குழந்தையின் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட், இது மூளையைச் சார்ந்த விஷயம் என்று 1964-லேயே வாதித்திருந்தும், எத்தனையோ தாய்மார்கள் செய்யாத குற்றத்துக்குத் தலைகுனிந்தே வாழ நேர்ந்தது மகா அநீதி.

குழந்தை ஏன் விலகியது என்பதை ஆட்டிசம் உள்ளவர்களே பின்னர் விளக்கினார்கள். டெம்பிள் கிராண்டின் என்னும் அம்மையார், பதின்வயதில் அரிசோனாவில் உறவினரின் பண்ணையில், ஊசி போடுவதற்காக இருபுறமும் நெருக்கிப் பிடிக்கும் கூண்டுக்குள் மாடுகள் சாந்தமடைவதைக் கண்டு, தமக்கும் அவ்வாறான பலகைப் பெட்டியொன்று செய்துகொண்டார். மெல்லிய தடவல் அவரைத் திடுக்கிட வைத்தது. அழுத்தமான பிடியோ அமைதி தந்தது.

இதற்கிடையில், கல்கத்தாவில் ஒரு தாய் தரையில் கால் நீட்டி அமர்ந்து, கால்களின்மேல் சிசுவைக் கிடத்தி எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதைப் பிரெஞ்சு வைத்தியர் லெபோயர் படம்பிடித்து, 1976-இல் நூலாக்கியிருந்தார். நம் பாட்டிமார் நித்தியம் செய்துவந்த காரியம் மேனாட்டில் புதுமையாயிற்று. மயாமியில் டிஃபனி ஃபீல்ட் 1992-இல் தொடுதலுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். அவரும் சகாக்களும் 2001-இல் வெளியிட்ட பரீட்சையில், 3 முதல் 6 வயது வரையிலான, ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளுள் ஒரு பகுதியினருக்குப் பெற்றோரே ஒரு மாத காலம், இரவு உறங்குமுன் 15 நிமிஷம் உடம்பைப் பிடித்துவிட்டார்கள். மற்றவர்களுக்குக் கதை வாசித்தார்கள். பிடித்துவிடப்பட்ட குழந்தைகளுக்கு உறக்கத் தொல்லை குறைந்தது, பள்ளியில் பிறரோடு பழகுவதும் கூடியது.

இருபது குழந்தைகளைக் கொண்டு பெரிய முடிவு எதுவும் கட்டிவிட முடியாது; ஆட்டிசத்தைப் போக்கும் எண்ணெய் என்று எவரேனும் விற்க வந்தால் நம்பாதீர்கள். பேச்சுப் பயிற்சி முதலியவற்றை நிறுத்தாமல், சிகிச்சையாளரிடம் கேட்டறிந்து, பதமான அழுத்தத்துடன் நீங்களே பிடித்துவிடுங்கள். குழந்தை விலகினால் உடனே கையை எடுத்துவிடுங்கள்.