ஓடையில் நின்ற பைக்கும் ஒரு குட்டி ஸ்விட்ச்சின் வரலாறும்

போன ஜூலையில் சக்லேஷ்பூர் பக்கம் டிரெயில் ரைடு போயிருந்தோம். முழங்கால் அளவு ஓடை. நண்பன் தாண்டிட்டான். என் செகண்ட் ஹேண்ட் டர்ட் பைக் பாதியில் ஆஃப் ஆயிடுச்சு. ஏர் ஃபில்டரில் தண்ணி இல்லைன்னு பார்த்துட்டு கிக் அடிச்சேன், அடிச்சேன்... பிளக்கில் ஸ்பார்க்கே இல்லை. மேலே மழை வலுக்குது, தண்ணி கலங்கி ஏறிட்டே வருது. ரெண்டு பேரும் தள்ளிக் கரை சேர்த்தப்போ இருட்டிடுச்சு.

பக் தேடுறதுதான் நம்ம பிழைப்பு. ஊர் திரும்பியதும் காரணம் தேடினேன். அது நூறு வருஷம் பின்னாடி இழுத்துட்டுப் போச்சு.

1902-ல் ஜெர்மனியில், பாஷ் கம்பெனி எஞ்சினியர் காட்லோப் ஹோனோல்ட் ஹை வோல்டேஜ் மேக்னெட்டோவை உருவாக்கினார். பேட்டரி வேண்டாம், எஞ்சின் சுத்தினாலே ஸ்பார்க். ஆனால் அதற்குள் ஒரு குட்டி ஸ்விட்ச் உண்டு: நம்ம மெக்கானிக்குகள் சொல்ற சிபி பாயிண்ட். ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் அது திறந்தாகணும், இடைவெளி அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. அங்கே தண்ணி புகுந்தால் கரண்ட் சட்டுனு அறுபடாது. அறுபடலைன்னா நல்ல ஸ்பார்க் கிடையாது. பிளக் ஒயரும் ஈரமானால் கேட்கவே வேண்டாம், பல ஆயிரம் வோல்ட் பிளக்குக்குப் போகாமல் எஞ்சின் பாடியில் இறங்கிடும்.

இந்தக் குட்டி ஸ்விட்ச்சை வெச்சுக்கிட்டுத்தான் அந்தக் காலத்து ஆட்கள் ஆறு, சேறு எல்லாம் தாண்டினாங்க. 1948-ல் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் டிரயலில் ஜெயித்த பிரிட்டிஷ் அணியில் ராயல் என்ஃபீல்டு புல்லட்டும் இருந்தது. அதே புல்லட்தான் 1956-லிருந்து திருவொற்றியூரில் தயாரானது, பல பத்தாண்டுகள் பாயிண்ட்டோடவே. எங்க பெரியப்பா புல்லட் மழையில் நின்னா, வேட்டி நுனியால் பாயிண்ட்டைத் துடைச்சு உப்புத்தாளால் லேசா தேய்ப்பார். அது வித்தைன்னு சின்ன வயசில் நினைச்சேன். இப்போ பார்த்தா வெறும் ஒர்க்அரவுண்ட்!

சரி, சீல் பண்ணிட வேண்டியதுதானே? பண்ணாங்க. 1944-ல் நார்மண்டி கரையில் இறங்கின ராணுவ வண்டிகளோட மின்பாகங்களை கிரீஸ் மாதிரியான பசையால் மூடி, காற்றுக் குழாய்களை உயரத்துக்கு நீட்டிவிட்டாங்க. ஆனால் கரை ஏறியதும் சீக்கிரமே அதையெல்லாம் கழற்றணும், இல்லைன்னா எஞ்சின் சூடேறிடும். அதில் பெரிய தலைவலியே சூடுதான். சூடான பெட்டி குளிர்ந்த தண்ணியில் இறங்கினால் உள்ளே காத்து சுருங்கும். எந்தச் சின்ன இடுக்கு கிடைச்சாலும் தண்ணியை அதுவே உறிஞ்சிக்கும். அரைகுறையா மூடினா இன்னும் மோசம், போன தண்ணி வெளியே வராது.

இங்கேதான் எனக்குப் பிடிச்ச திருப்பம். தண்ணியைத் தடுக்கிறதுக்குப் பதிலா, அந்த ஸ்விட்ச்சையே தூக்கிட்டாங்க. சுத்துற காந்தம் ஒரு சுருளைத் தொடாமலே கடந்து போகும், சுருளில் சின்ன பல்ஸ் வரும், அந்த பல்ஸ் கெப்பாசிட்டரில் சேர்த்த கரண்ட்டை இக்னிஷன் காயிலுக்குள் கொட்டும். இதுதான் சிடிஐ. காந்தப்புலத்துக்கு ஈரம் ஒரு பொருட்டே இல்லை. எலெக்ட்ரானிக்ஸையோ எப்பாக்சி ஊத்தி மூடிடலாம், ஏன்னா உள்ளே அசையுற பாகமே கிடையாது. 1969-ல் கவாஸாகி எச்1 ரோட்டு பைக்கில் இது வந்தது. எழுபதுகளில் ஸ்பெயினின் மோட்டோபிளாட் மாதிரி நிறுவனங்கள் பாயிண்ட் இல்லாத இக்னிஷனை சேத்து பைக்குகளுக்கும் கொண்டுபோனாங்க.

என் பைக்கிலும் சிடிஐதான். அப்புறம் ஏன் நின்னுச்சு? டேங்கைக் கழற்றினேன். சுருளிலிருந்து சிடிஐ பெட்டிக்குப் போற கனெக்டரில் ரப்பர் சீல் கிழிஞ்சிருந்தது, பின் எல்லாம் பச்சை பூத்திருந்தது. பாவி ஓடை இல்லை, நான்தான். ஒவ்வொரு ரைடுக்கு அப்புறமும் வாட்டர் வாஷில் பிரஷர் கன்னை டேங்க்குக்கு அடியில் பிடிச்சு அடிக்கச் சொன்னதே நான்தானே.

சீல் மாத்தி, பின்களைச் சுத்தம் பண்ணி, உள்ளே சிலிக்கான் கிரீஸ் வெச்சேன். அது கரண்ட்டைக் கடத்தாது, ஆனால் இறுக்கமா மாட்டினால் பின்கள் அதை ஒதுக்கிட்டு ஒண்ணை ஒண்ணு தொடும், மிச்ச இடத்தில் தண்ணி நுழையாது. பெட்ரோல் டேங்க்குக்கு அடியில் இப்போ வாளித் தண்ணி மட்டும்தான்.

அடுத்த ரைடு ஆகஸ்ட்டில். அதே ஓடைதான். இந்த முறை நான் முதலில் இறங்குறதா நண்பன்கிட்ட சொல்லியிருக்கேன். கயிறு எடுத்துட்டு வர்றேன்னு சொன்னான்.